பெரட்டுக்களத்தில் ஒரு மடக்கு கொய்னா

என் பாட்டியிடம் ஒரு கதை இருந்தது. பல தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பிப்பார்.

"எங்கம்மா பெரிய கள்ளி, தெரியுமா? விடியக்காலையில பெரட்டுல வரிசையா நிக்க வச்சி கொய்னா தண்ணி ஊத்துவாங்க. மடக்குனு குடிச்சிடணும். எங்கம்மா குடிச்ச மாதிரியே வாயில வச்சிக்கிட்டு, ரெண்டு நெரை நடந்து போயி, பால் மரத்துக்குப் பின்னால துப்பிட்டு வருவா. கங்காணிக்குத் தெரியாதுன்னு நெனப்பு. அவனுந்தான் துப்புவான்!"

இந்த இடத்தில் நாங்கள் எல்லோரும் சிரிப்போம். பிறகு பாட்டியின் குரல் இறங்கும். அவருக்கு ஒரு தம்பி இருந்தான். நான்கு வயது. குளிர் காய்ச்சல் வந்து, விட்டு, மறுபடி வந்தது. தோட்டத்து டிரசர் காகிதத்தில் மடித்துப் பொடி கொடுத்தார். பையன் குடித்ததை வாந்தி எடுத்தான். அழுதான். அம்மா மனசு கேட்காமல் பாதியைக் கொடுத்து மீதியை லயத்து இடுக்கில் செருகி வைத்துவிட்டாள். எட்டாம் நாள் பையன் இல்லை. மடித்த காகிதம் இடுக்கிலேயே இருந்தது.

"எங்கம்மா சாவுற வரைக்கும் அந்தப் பொட்டலத்தையே சொல்லிச் சொல்லி அழுவா" என்று பாட்டி முடிப்பார்.

இது நடந்தது 1930களின் இறுதியில், சிரம்பானை ஒட்டிய தெமியாங் பக்கத்து ஒரு கித்தா தோட்டத்தில். தோட்டத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இன்று அங்கே கித்தாவும் இல்லை, லயமும் இல்லை.

பள்ளியில் படிக்கும்போது இந்தக் கதைக்கு என்னிடம் ஒரு தெளிவான தீர்ப்பு இருந்தது. மருந்து இருந்தது. இலவசமாகவே கொடுத்தார்கள். படிப்பறிவில்லாத ஒரு பெண் அதைத் துப்பினாள், தன் பிள்ளைக்குப் பாதிதான் கொடுத்தாள். அறியாமை உயிரைக் குடித்தது. முடிந்தது. எங்கள் குடும்பத்திலும் பெரியவர்கள் இதைத்தான் நம்பினார்கள் என்று நினைக்கிறேன். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை அந்தத் தீர்ப்பை மறுபடி விசாரிக்கும் முயற்சி. மருந்து இருக்கிறது, நோயாளியும் இருக்கிறார், ஆனால் அந்த இரண்டும் சேரவில்லை. அப்போது குற்றம் யாருடையது?

*

முதலில் நோய் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்துக்கார மருத்துவர் 1901-இல் கிள்ளானுக்கு வந்தார். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டறிந்து அப்போது நான்கு வருடம்கூட ஆகவில்லை. கிள்ளானும் புதிதாகத் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகமும் காய்ச்சலில் முடங்கிக் கிடந்தன. வாட்சன் சதுப்பைத் தூர்த்தார், புதரை வெட்டினார், வாய்க்கால் தோண்டித் தண்ணீரை வடித்தார். காய்ச்சல் மளமளவென்று இறங்கியது. வெப்பமண்டல நாடுகளில் கொசுவை ஒடுக்கி மலேரியாவைக் கட்டுப்படுத்திய முதல் வெற்றிகளில் ஒன்று என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

சமவெளியில் பலித்த இந்த வைத்தியம் மலைச்சரிவில் தலைகீழாகப் போனது. கடற்கரைச் சதுப்பில் இருந்த கொசு நிழலில் வாழ்வது. காட்டை வெட்டினால் அது ஒழியும். நெகிரி செம்பிலான், உலு சிலாங்கூர் போன்ற மேட்டு நிலங்களில் இருந்தது வேறொரு இனம், அனோபிலிஸ் மேக்குலேட்டஸ். அதற்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும், வெயில் வேண்டும். காடு அடர்ந்திருந்தவரை குன்றுகளுக்கு இடையே ஓடிய அல்லூர்களில் வெயில் படவில்லை. கித்தா நடுவதற்காகக் காட்டை வழித்தெடுத்ததும் அந்த நீரோடைகள் எல்லாம் வெயிலுக்குத் திறந்தன. கொசு பெருகியது. அந்த ஓடைகளுக்குப் பக்கத்திலேயே, தண்ணீர் வசதியாக இருக்குமே என்று, லயங்களையும் கட்டினார்கள்.

மருத்துவ உலகம் பிற்பாடு இதற்கு மனிதன் உண்டாக்கிய மலேரியா என்றே பெயர் வைத்தது. காட்டில் ஏற்கெனவே காத்திருந்த நோய் தமிழர்களைத் தாக்கியது என்று நாம் கதை சொல்லிப் பழகியிருக்கிறோம். உண்மையில் மேட்டு நிலத் தோட்டங்களில் மரம் நட்ட அதே கை நோயையும் நட்டது. 1911-இல் ஐக்கிய மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளர்களுக்கு 60 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒரே வருடத்தில். மலேரியாவும் வயிற்றுப்போக்கும்தான் பெரும் காரணங்கள். இவர்களில் பலர் சஞ்சிக்கூலிகளாகவும் கங்காணிகளோடும் தமிழ் நாட்டுச் சமவெளிகளிலிருந்து வந்த இளவயதினர். சாகிற வயதில் இருந்தவர்கள் இல்லை.

*

இப்போது கொய்னாவுக்கு வருவோம். நோயை உண்டாக்கியவரே மருந்தும் கொடுத்தால் அதற்கு என்ன பெயர்?

பெரட்டுக்களத்தில் ஊற்றிய கொய்னாவைத் தோட்ட நிர்வாகத்தின் நல்லெண்ணம் என்றுதான் பழைய பதிவுகள் பேசுகின்றன. நம்மவர்களிலும் "துரை காலத்துல மருந்தெல்லாம் சும்மா குடுத்தாங்க" என்று நன்றியோடு சொல்லும் வயதானவர்கள் உண்டு. அந்த 'சும்மா' என்ற சொல்லை நான் சந்தேகிக்கிறேன்.

ஊரில் ஒரு பழைய நியாயம் உண்டு. என் மாடு உன் வயலில் மேய்ந்துவிட்டால், நான் வேண்டுமென்று அவிழ்த்துவிடவில்லை என்றாலும், நஷ்டத்தை நான் கொடுத்தாக வேண்டும். தெரியாமல் நடந்தது என்பது என் மீதான கோபத்தைக் குறைக்கும், என் கடனைக் குறைக்காது. கொடுக்கும்போது அதைத் தானம் என்று நான் சொன்னால் ஊர் சிரிக்கும். தோட்ட முதலாளிகளுக்கு ஆரம்பத்தில் மேக்குலேட்டஸ் பற்றித் தெரியாது என்பது உண்மைதான். அறிவியலுக்கே அப்போது தெரியாது. வாட்சன் தன் புத்தகத்தை 1911-இல் வெளியிட்டார். அதே வருடம் மலேரியா ஆலோசனைக் குழுவும் அமைந்தது. அதற்குப் பிறகு தெரியாது என்று சொல்ல வழியில்லை. ஆகவே அந்த மடக்குக் கொய்னா கடன் தீர்ப்பது. அதுவும் பாதிக் கடன். முழுக்கடன் தீர வேண்டுமென்றால் மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஓடைகளை மூட வேண்டும், தண்ணீரில் வாராவாரம் எண்ணெய் அடிக்க வேண்டும், லயங்களைத் தள்ளிக் கட்ட வேண்டும். கொய்னா இவற்றைவிட மலிவு.

கடன் என்கிறோமா, தானம் என்கிறோமா என்பது வெறும் சொல் விவகாரம் போலத் தோன்றலாம். வித்தியாசம் நடைமுறையில்தான் தெரியும். தானம் கொடுப்பவர் நிறுத்தினால் நாம் வருத்தப்படலாம். கடன்பட்டவர் நிறுத்தினால் கேட்கலாம்.

*

இங்கே ஒரு நண்பர் எப்போதும் என்னோடு சண்டைக்கு வருவார். "எதுக்குக் குடுத்தான்னு ஆராய்ச்சி எதுக்கு? குடுத்தான்ல? உசுரு பொழச்சிச்சில்ல? அது போதாதா?"

நியாயமான கேள்வி. வாட்சனும் கூட்டாளிகளும் காப்பாற்றிய உயிர்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1911-க்குப் பிறகு தோட்டத்து மரண விகிதம் பல மடங்கு இறங்கியது. நானும் இதைப் படிக்கும் மலேசியத் தமிழர்கள் பலரும் பிறந்திருப்பதற்கு அந்த வாய்க்கால்களும் ஒரு காரணம்.

ஆனால் வாட்சன் தோட்டக்காரர்களிடம் எப்படி வாதாடினார் என்பதைப் பாருங்கள். சீக்காளித் தொழிலாளி பால் வெட்ட மாட்டான், ஆள் செத்தால் இந்தியாவிலிருந்து புதிதாகக் கொண்டுவரச் செலவாகும், அதைவிட வடிகால் வெட்டுவது லாபம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எதிரில் இருந்தவர்களுக்குப் புரிந்த ஒரே மொழி அதுதான். அந்தக் கணக்கு சரியாக இருந்தவரை உயிர்கள் பிழைத்தன.

கணக்கு மாறினால்? 1920களின் நடுவில் தோட்டங்களிடம் பணம் வசூலித்துப் பொதுவான சுகாதார வாரியங்கள் அமைக்கச் சட்டம் வந்தது. செலவைச் சொல்லி முதலாளிகள் முரண்டு பிடித்தார்கள். 1930-இன் உலகப் பொருளாதார மந்தத்தில் கித்தா விலை தரைக்கு வந்தது. வாரியத் திட்டமும் கைவிடப்பட்டது. தொழிலாளர்கள் லட்சத்துக்கும் மேலானோர் சில வருடங்களில் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஒரு தொழிலாளியின் உயிருக்கு அவன் தரும் பால்தான் விலை என்றால், பாலின் விலை விழும்போது உயிரின் விலையும் விழத்தான் செய்யும்.

நண்பருக்கு என் பதில் இதுதான். ஒரு நல்ல காரியத்தின் நோக்கத்தை நான் கேட்பது செய்தவரின் மனத்தூய்மையை அளக்க இல்லை. அந்தக் காரியம் எந்த நாளில் நின்றுபோகும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அப்படி நின்றுபோன நாள் ஒன்றை மலாயாத் தமிழர்கள் மறக்க முடியாது. உலகத்தின் கொய்னாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அப்போது ஜாவாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. டச்சுக்காரர்கள் கூட்டு சேர்ந்து அதன் விலையையும் அளவையும் கட்டிப்போட்டிருந்தார்கள். 1942 மார்ச்சில் ஜாவா ஜப்பானியர் கைக்குப் போனது. அதே வருட நடுவில் சயாம் - பர்மா ரயில் பாதை வேலை தொடங்கியது. நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரை அங்கே கொண்டுபோனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். உலகத்திலேயே அதிகமாகக் கொய்னா இருந்த கையின் கீழேதான் அவர்கள் கொய்னா இல்லாமல் செத்தார்கள். மருந்துப் பஞ்சம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். பெரும்பாலான நேரம் மருந்துக்குப் பஞ்சம் இருப்பதில்லை. யாருக்குக் கொடுப்பது என்ற பட்டியல்தான் குட்டையாக இருக்கும்.

இந்த மருந்தின் வரலாற்றில் இன்னொரு விசித்திரமும் உண்டு. நீலகிரியில் நடுவட்டம் பக்கம் ஆங்கிலேயர்கள் சின்கோனா மரங்களை நட்டபோது, மலாக்கா நீரிணைப் பகுதியின் பிரிட்டிஷ் குடியிருப்புகளிலிருந்து நாடுகடத்தப்பட்டுச் சென்னை மாகாணச் சிறைகளுக்கு வந்த சீனக் கைதிகளையும் அதில் வேலை வாங்கினார்கள். இங்கிருந்து சீனர்கள் அங்கே போய்க் கொய்னா மரம் வளர்த்தார்கள். அங்கிருந்து தமிழர்கள் இங்கே வந்து கொய்னா குடித்தார்கள். இரண்டு பேரையும் யாரும் கேட்கவில்லை.

*

கேட்கவில்லை என்பதிலிருந்து மறுபடி கொள்ளுப்பாட்டியிடம் வருகிறேன். ஏன் துப்பினாள்?

கொய்னா நாக்கில் மட்டும் கசக்கும் மருந்து இல்லை. தொடர்ந்து குடித்தால் காது இரையும், தலை சுற்றும், குமட்டும். அதோடுதான் மரம் மரமாகப் போய்ப் பால் வெட்ட வேண்டும். வயிற்றில் பிள்ளை இருக்கும் பெண்களுக்குக் கரு கலைந்துவிடும் என்ற பயம் வேறு. அதிக அளவில் கொய்னா கருவைக் கலைக்கும் என்று அந்தக் காலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள். அவர்களின் பயம் எச்சரிக்கை, இவள் பயம் மட்டும் மூடநம்பிக்கையா?

இன்னொன்று, அது ஊற்றப்பட்ட இடம். பெரட்டுக்களம் என்பது பேர் கூப்பிடும் இடம், ஆள் கணக்கு எடுக்கும் இடம், கிராணியும் தண்டலும் கத்தும் இடம். ஒரு மருந்தை அங்கே வைத்து, வரிசையில் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொன்னால் அது மருந்தாக இருக்குமா, உத்தரவாக இருக்குமா? சுகாதார அதிகாரிகள் லயத்துப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து வயிற்றை அமுக்கி மண்ணீரல் வீக்கத்தை எண்ணுவார்கள். நூற்றுக்கு எத்தனை பிள்ளைகளுக்கு வயிற்றுக் கட்டி என்பதுதான் தோட்டத்தின் மலேரியா அளவுகோல். அறிவியலுக்கு அது தேவைதான். வயிற்றைக் காட்டிய பிள்ளையிடமோ அதன் தாயிடமோ யாராவது உட்கார்ந்து, இது என்ன நோய், இந்தப் பொடி என்ன செய்யும், வாந்தி எடுத்தால் மறுபடி எப்படிக் கொடுப்பது என்று சொன்னார்களா? பாட்டியின் கதையில் அப்படி ஒரு ஆள் வரவே இல்லை. டிரசர் பொட்டலம் கொடுத்தார். அடுத்த வாரம்தான் மறுபடி வந்தார்.

கொள்ளுப்பாட்டியை ஒரு போராளியாக்கிவிடலாம் என்று ஒரு காலத்தில் எனக்கு ஆசை இருந்தது. நாள் முழுக்க அவள் உடம்பு தோட்டத்துக்குச் சொந்தம், வாய்க்குள் இருக்கும் அந்த ஒரு மடக்கு மட்டும்தான் அவள் இஷ்டம், அதனால் துப்பினாள் என்று. எழுதவும் உட்கார்ந்தேன். அந்தப் பையன் குறுக்கே வந்தான். நான்கு வயதுப் பிள்ளையின் சாவின் மேல் நின்றுகொண்டு எதிர்ப்பு அரசியல் பேச என்னால் முடியவில்லை. மருந்து வேலை செய்யும் மருந்துதான். பாதிப் பொட்டலம் போதாமல்தான் இருந்திருக்கும். அதை மறைத்தால் அவளுக்கும் நான் நியாயம் செய்ததாகாது.

என் நிலை இப்போது இதுதான். ஒரு மருந்து ஒருவரைச் சென்று சேர்வது என்பது கைக்கு எட்டுவதோடு முடிவதில்லை. அதை நம்ப முடியும்படி அது வர வேண்டும். கொடுக்கிற கை மற்ற நேரங்களில் என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் மனிதர்கள் மருந்தை நம்புகிறார்கள். கூலியைப் பிடிக்கும் கை, பிரம்பைப் பிடிக்கும் கை, திடீரென்று ஒரு கிண்ணத்தை நீட்டினால் சந்தேகப்படுவது அறிவின்மை இல்லை. அந்த அவநம்பிக்கையை உண்டாக்கியவர்களுக்கு அதனால் வந்த சாவிலும் பங்கு உண்டு. கொள்ளுப்பாட்டிக்கும் ஒரு பங்கு உண்டு. அவளே அதை ஒத்துக்கொண்டாள், சாகும்வரை அழுதாள். மற்ற பங்காளிகள் யாரும் அழுததாகத் தெரியவில்லை.

*

இது பழங்கதை என்று மூடிவைக்க முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

போருக்குப் பிறகு மருந்துகள் வரிசையாக வந்தன. 1940களின் நடுவில் வந்த பாலுட்ரினுக்கு ஐந்து வருடத்துக்குள் மலாயாவிலேயே கிருமி எதிர்ப்புப் பெற்றுவிட்டது. குளோரோகுயினுக்கு எதிர்ப்பு 1950களின் இறுதியில் தாய்லாந்து - கம்போடியா எல்லையில் தலைகாட்டியது. சீனாவின் தூ யூயூ குழு 1970களின் தொடக்கத்தில் ஒரு மூலிகைச் செடியிலிருந்து ஆர்ட்டெமிசினினைப் பிரித்தெடுத்தது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதைச் சேர்த்த கூட்டு மருந்து இன்று மூன்று நாளில் மலேரியாவைக் குணப்படுத்துகிறது. இவ்வளவுக்குப் பிறகும் 2023-இல் உலகம் முழுக்க 5,97,000 பேர் மலேரியாவில் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆப்பிரிக்காவில். பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். இன்னும் எத்தனையோ லயத்து இடுக்குகளில் எத்தனையோ பொட்டலங்கள்.

மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் உள்நாட்டில் தொற்றியதாகப் பதிவில்லை. பெரிய சாதனை. ஆனால் குரங்கிலிருந்து கொசு வழியாக மனிதருக்கு வரும் நோலெசி மலேரியா இருக்கிறது. பல்பீர் சிங்கின் குழு 2004-இல் சரவாக்கின் காப்பிட்டில் அது பரவலாக இருப்பதைக் கண்டுபிடித்தது. இப்போது வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் வருகிறது. காடு ஓரத்தில், எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஆண்களுக்குத்தான் அதிகம். மறுபடி வெட்டப்பட்ட காடு, மறுபடி தோட்டம். பாட்டன் நின்ற இடத்தில் பல இடங்களில் இப்போது இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் நிற்கிறார்கள். பாட்டனின் பேரன்களில் சிலர் கிராணி இடத்துக்கு வந்திருக்கிறோம்.

போன வருடம் எங்கள் வீட்டுப் பக்கத்து மளிகைக் கடையில் ஒரு வங்காளதேசி இளைஞன் பனடோல் வாங்க நின்றான். வேலைக்காட்டிலிருந்து வந்திருந்தான். கண் சிவந்திருந்தது, வெயிலில் உடம்பு நடுங்கியது. "கிளினிக் போகலையா?" என்று மலாயில் கேட்டேன். நாளைக்கு என்றான். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்றேன். விரலைக் காட்டினான். நான்கு. பாஸ்போர்ட் தௌக்கேயிடம் இருக்கிறதாம். ஆஸ்பத்திரியில் கேட்பார்கள், இல்லையென்றால் பிடித்துவிடுவார்கள் என்றான். அது கற்பனைப் பயமும் இல்லை. பெர்மிட் இல்லாத வெளிநாட்டவர் சிகிச்சைக்கு வந்தால் போலீசுக்கும் குடிநுழைவுத் துறைக்கும் தெரிவிக்கச் சொல்லும் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை 2001-இலேயே வந்தது.

டிங்கியா, மலேரியாவா, சாதாரணக் காய்ச்சலா என்று எனக்குத் தெரியாது. அவன் போன பிறகு கடைக்காரர் சொன்னார், "இவனுங்களுக்கு எவ்ளோ சொன்னாலும் புரியாது தம்பி. படிப்பறிவு இல்ல."

நான் தலையாட்டினேன். அதுதான் உறுத்துகிறது. பள்ளிக்கூட வயதில் கொள்ளுப்பாட்டிக்கு எழுதிய அதே தீர்ப்பு, அதே வார்த்தையில், என் காதுக்கு வந்தபோது இயல்பாகத் தலை ஆடியது. வண்டியில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோயிருக்கலாம். தனியார் கிளினிக்கில் ஐம்பது அறுபது வெள்ளி ஆகியிருக்கும். வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. மறுநாள் கடையில் விசாரித்தேன். அவனை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

பாட்டி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. இருந்திருந்தால் அவரிடம் ஒன்று சொல்லியிருப்பேன். அந்தப் பொட்டலத்தை இடுக்கில் செருகியது உங்கள் அம்மா ஒருத்தியின் கை மட்டும் இல்லை, பாட்டி. கூட நிறைய கைகள் இருந்தன. இன்றைக்கும் இருக்கின்றன. அன்று அந்தக் கடை வாசலில் நின்றதில் ஒன்று என்னுடையது.